கப்பலில் இரவு உணவு: குறித்த நேரமா, விருப்ப நேரமா?

நீங்கள் கேட்டது இதுதான். அப்பா, அம்மா, நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர் ஜூலையில் சென்னையிலிருந்து பறந்து போய் பார்சிலோனாவில் கப்பல் ஏறுகிறீர்கள். ஏழு இரவு மேற்கு மத்திய தரைக்கடல் சுற்றிவிட்டு மறுபடி பார்சிலோனாவிலேயே இறங்குகிறீர்கள். பெரியவர்கள் சுத்த சைவம், அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. புக்கிங்கில் இரவு உணவுக்கு மாலை 6 மணி, இரவு 8:30, விருப்பப்பட்ட நேரம் என்று மூன்று காட்டுகிறது, எதைத் தொடுவது என்று தெரியவில்லை.

என் பதில்: விருப்ப நேரத்தைத் தொடுங்கள். ஆனால் கப்பலில் ஏறியபிறகு அதைக் குறித்த நேரம் மாதிரியே நடத்துங்கள். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பதில் உங்கள் நண்பர் சிங்கப்பூரிலிருந்து போகும்போது அவருக்குப் பொருந்தாது. கப்பல் டைனிங் ரூமில் அசிஸ்டென்ட் வெயிட்டராகத் தொடங்கி வெயிட்டராகச் சில வருடம் வேலை பார்த்தவன் நான், அப்புறம் குடும்பத்தோடு பயணியாகவும் போயிருக்கிறேன், அதனால் மேஜையின் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் இந்த இரண்டு சிட்டிங், அதாவது 6 மணி, 8:30 என்ற குறித்த நேரப் பந்திகள், எதற்காக என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கப்பலின் பெரிய டைனிங் ரூமில் எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில் உட்கார இடம் கிடையாது, அதனால் பாதிப் பேர் மாலை 5:30 அல்லது 6 மணிக்கு, மீதிப் பேர் 8 அல்லது 8:30க்கு என்று பிரித்துவிடுகிறார்கள். குறித்த நேரத்தில் சேர்ந்தால் முதல் இரவு எந்த மேஜையில் உட்கார்ந்தீர்களோ கடைசி இரவு வரை அதே மேஜை, அதே வெயிட்டர், அதே அசிஸ்டென்ட். ஒரு வெயிட்டர், ஒரு அசிஸ்டென்ட் கையில் இருபது பேர் அளவுக்கு இருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவதால் எல்லா மேஜைக்கும் சூப், சாலட் ஒன்றாகப் போகும், அப்புறம் மெயின், அப்புறம் இனிப்பு. கிச்சனும் அதே தாளத்தில் ஓடும். ஆர்டரை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூடி போட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பெரிய ட்ரேயில் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே நடையில் கொண்டுவந்துவிடலாம். முதல் சிட்டிங் எழுந்ததும் துணி மாற்றி, கண்ணாடி டம்ளர் துடைத்து வைத்து இரண்டாவது சிட்டிங்குக்குத் தயார் செய்ய வேண்டும். 6 மணிக்காரர்கள் 8 மணியைத் தாண்டி நிதானமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாததன் காரணம் இதுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் சுற்றிலும் மேஜைகள் காலியாவது உங்களுக்கே தெரியும்.

விருப்ப நேரத்தில் அந்தத் தாளம் கிடையாது. வாசலில் பேர் சொல்லி, எந்த மேஜை காலியோ அங்கே உட்காருவீர்கள். அதே வெயிட்டரின் ஒரு மேஜை இனிப்பில் இருக்கும், ஒன்று மெனுவைப் புரட்டிக்கொண்டிருக்கும், ஒன்று மெயினுக்குக் காத்திருக்கும். அவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிச்சனுக்கு நடக்க வேண்டும், அங்கே வரிசையிலும் நிற்க வேண்டும். அதனால் ஒரு கோர்ஸுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் கூடத்தான் செய்யும். வாசலில் கூட்டம் அதிகம் சேருவது 6:30 முதல் 7:30 வரை, பல கப்பல்களில் அப்போது, மேஜை தயாரானதும் கூப்பிடும் பேஜர் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேர் மேஜை சீக்கிரம் கிடைக்கும், ஆறு பேர் சேர்ந்து உட்காரும் மேஜைக்கு உண்மையிலேயே காத்திருக்க நேரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஆறு பேர்.

கடல் கடந்து ஆட்களை ஏற்றிச்சென்ற பழைய லைனர் கப்பல் காலத்திலிருந்து குறித்த நேரம்தான் வழக்கம். 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று சொல்லி, எப்போது வேண்டுமானாலும் யாருடன் வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்று ஆரம்பித்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அதற்கு ஒரு பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள். ராயல் கரீபியனில் ‘மை டைம்’, கார்னிவலில் ‘யுவர் டைம்’, பிரின்சஸில் முதலில் ‘எனிடைம்’. விர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பொதுவான பெரிய டைனிங் ரூமே கிடையாது. ஆனால் எல்லாமே விருப்ப நேரத்தை நோக்கிப் போய்விடும் என்று நினைத்தால், 2014இல் நடந்ததைப் பாருங்கள். ராயல் கரீபியனின் ‘குவாண்டம் ஆஃப் தி சீஸ்’ புதிதாக வந்தபோது பெரிய டைனிங் ரூமையே எடுத்துவிட்டு நான்கு தனித்தனி உணவகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்பதிவு செய்யுங்கள் என்றார்கள். தினமும் பதிவு செய்வதும் தினமும் புது வெயிட்டருக்கு முதலிலிருந்து சொல்வதும் பலருக்குப் பிடிக்கவில்லை. வெயிட்டரும் கூடவே வருகிற மாதிரி ஒரு வகையை அடுத்த வருடமே சேர்த்தார்கள், கொஞ்ச காலத்தில் அந்த ஏற்பாட்டையே கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். தெரிந்த முகம் வந்து பரிமாறுவதை ஜனங்கள் எவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். முடிவு செய்ய வேண்டியது உங்கள் ரூட். ஏழு இரவில் பால்மா, மார்செய், லா ஸ்பெசியா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் என்று ஐந்து துறைமுகம், ஒரே ஒரு நாள்தான் முழுக்கக் கடலில். இதில் சிவிட்டாவெக்கியா என்பது ரோமுக்கான துறைமுகம், ரோம் அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர். லா ஸ்பெசியாவிலிருந்து ஃப்ளோரன்ஸ் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கொலோசியம், வாட்டிகன் பார்த்துவிட்டு, அப்பா அம்மாவை மெதுவாக நடத்திக்கொண்டு, பஸ்ஸில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, செக்யூரிட்டி வரிசையில் நின்று கேபினுக்கு வரும்போது ஆறரை ஏழு ஆகிவிடும். இந்தத் துறைமுகங்களில் கப்பல் கிளம்புவதே பெரும்பாலும் மாலை 6, 7, சில நாள் 8 மணிக்குத்தான். மாலை 6 மணி சிட்டிங் எடுத்தால் ஏழில் மூன்று நான்கு இரவு நீங்கள் அந்த மேஜைக்குப் போகவே மாட்டீர்கள், அல்லது போக வேண்டுமே என்று ரோமில் மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவீர்கள். இவ்வளவு செலவு செய்து போய், சாப்பாட்டு நேரத்துக்காக ஃப்ளோரன்ஸில் ஒரு மணி நேரத்தை இழப்பது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

அப்போ 8:30? ஊர் சுற்ற வசதி, உண்மை. ஐரோப்பியப் பயணிகள் பலரும் அதைத்தான் விரும்புவார்கள், ஜூலையில் பார்சிலோனாவில் சூரியன் மறையவே 9:20 ஆகும், அந்த வெளிச்சத்தில் 6 மணிக்குச் சாப்பிட அவர்களுக்கு மனசு வராது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூலையில் அங்கே இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 8:30 என்றால் அப்பாவின் உடம்புக்கு நள்ளிரவு 12 மணி. 8:30க்கு உட்கார்ந்தால் முதல் தட்டு வர இருபது நிமிடம், மெயின் ஒன்பதேகாலுக்கு, எழுந்திருக்க பத்தரை. முதல் மூன்று இரவு பெரியவர்களும் பிள்ளைகளும் மேஜையிலேயே தூங்கி வழிவார்கள். எத்தனையோ குடும்பங்களை அப்படிப் பார்த்திருக்கிறேன், இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோவாள். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு இது தலைகீழ், அவர்களுக்கு முதல் சில நாள் 6 மணிக்குப் பசியே எடுக்காது, 8:30 சுகமாக இருக்கும். அவர்கள் எழுதும் ஆலோசனையைப் படித்துவிட்டு நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

அப்படியானால் குறித்த நேரத்தை விட்டுவிட்டால் நீங்கள் இழப்பது என்ன? மேஜையை இழப்பது பெரிய விஷயமில்லை. தெரிந்த வெயிட்டரை இழப்பதுதான் விஷயம், அதுவும் சைவக் குடும்பத்துக்கு. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

மெனுவில் பச்சை இலை அடையாளம் போட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காய்கறி சூப் என்று இருக்கும், அடியில் சிக்கன் வேகவைத்த தண்ணீர் இருக்கும். சீசர் சாலட்டில் கறி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதன் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி மாதிரி சின்ன மீனை அரைத்துச் சேர்த்திருப்பார்கள். மூஸ், பன்னா கோட்டா மாதிரி தளதளவென்று நிற்கிற இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். பர்மேசன் சீஸ் செய்யக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைப் பயன்படுத்துகிறார்கள். கேக்கில் முட்டை. ‘வெஜிடேரியன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வெயிட்டர் புரிந்துகொள்வது கறி வேண்டாம் என்பதை மட்டும்தான், சிலர் மீன் பரவாயில்லையா என்றுகூடக் கேட்பார்கள். கறி, மீன், முட்டை, எலும்புத் தண்ணீர், ஜெலட்டின் எதுவும் வேண்டாம், பாலும் தயிரும் வெண்ணெயும் சரி என்று உடைத்துச் சொல்ல வேண்டும்.

இதை ஒரே வெயிட்டரிடம் முதல் நாள் சொல்லிவிட்டால் அவர் மற்ற நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வார். பெரிய கப்பல்களில் வெயிட்டரிலும் கிச்சனிலும் இந்தியர்கள் நிறைய. மறுநாள் மெனுவை முந்தின இரவே ஹெட் வெயிட்டர் கொண்டுவந்து காட்டுவார், நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லை பருப்பும் சாதமும் ஒரு காய்கறிக் குழம்பும் சொல்லிவைக்கட்டுமா என்று கேட்பார். மறுநாளுக்குத் தேவையானதை முந்தின இரவு சொல்வது கிச்சனுக்கு எளிது, அந்த நேரத்தில் வந்து கேட்டால் பாவம் அவர்களால் பாஸ்தாதான் தர முடியும். அலர்ஜி உள்ளவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். குறித்த நேரத்தில் இது தானாக நடக்கும், விருப்ப நேரத்தில் நீங்கள் கேட்டு நடத்த வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படி நடத்துவது? விருப்ப நேரம் எடுத்தவர்களும் முன்பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் ஆப்பிலோ போனிலோ ஒவ்வொரு இரவுக்கும் நேரம் போட்டுவைக்கலாம், சிலவற்றில் கிளம்புவதற்கு முன்பே. உங்களுக்கு நான் போடுவது இப்படி இருக்கும்: முதல் இரண்டு இரவு 6 அல்லது 6:15, அப்பாவுக்கு அது ஊர்க் கணக்கில் ஒன்பதரை, சரியாக இருக்கும். லா ஸ்பெசியா, சிவிட்டாவெக்கியா நாட்களில் 7:45. நேப்பிள்ஸில் பாம்பெய் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அது இருபத்தைந்து கிலோமீட்டர்தான், சீக்கிரம் திரும்பிவிடலாம், 6:45 போதும். கடல் நாளில் 6:30. பதிவு செய்தவர்களுக்கு வாசலில் தனி வரிசை இருந்தால் அதில் போங்கள், பேஜர் கூட்டத்தில் நிற்காதீர்கள்.

முதல் இரவு உட்கார்ந்ததும் மேஜை எண்ணையும் வெயிட்டர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டால் எழுந்துபோகும்போது ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, இந்த வாரம் முழுக்க இவருடைய பகுதியிலேயே எங்களை உட்காரவையுங்கள், நேரம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். இதை எரிச்சலாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், வெயிட்டருக்கு அது பெருமை, அவரைப் பற்றி மேலதிகாரியிடம் ஒரு நல்ல வார்த்தை விழுகிறது. முடிந்த வரை செய்துகொடுப்பார்கள். எல்லா இரவும் அமையாது, ஏழில் ஐந்து அமைந்தாலே உங்கள் சைவப் பிரச்சினை தீர்ந்தது. அமையாத இரவிலும் ஹெட் வெயிட்டருக்கு உங்களைத் தெரிந்திருக்கும், அவரையே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவின் சர்க்கரையைப் பற்றி ஒன்று. டைனிங் ரூமில் உட்கார்ந்த நேரத்துக்கும் வயிற்றில் உணவு போகும் நேரத்துக்கும் அரைமணி இடைவெளி எளிதாக விழும். சாப்பிடுவதற்கு முன் இன்சுலின் போடுகிறவர் என்றால் கேபினிலேயே போட்டுக்கொண்டு கிளம்பி வரவேண்டாம், மேஜைக்கு வந்து ரொட்டிக் கூடை கண்ணில் பட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றரை மணி நேர மாற்றத்துக்கு மருந்து நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதைக் கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். வெயிட்டரிடமும் சொல்லிவையுங்கள், அப்பாவுக்கு முதலில் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். ஊர் சுற்றித் தாமதமாகும் நாளில் பையில் பிஸ்கட்டும் பழமும் கட்டாயம்.

பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் மேஜையில் உட்காருவது தினமும் நடக்காது. ஒரு இரவு இரண்டு இரவு அவர்களை பஃபேயில் ஐந்தரைக்கே சாப்பிடவைத்துவிட்டு குழந்தைகள் கிளப்பில் விட்டுவிட்டு நீங்கள் நான்கு பேர் நிதானமாகச் சாப்பிடலாம். விருப்ப நேரத்தில் யாரிடமும் சொல்லவேண்டிய அவசியமில்லை. குறித்த நேரத்தில் இருப்பவர்கள் வராவிட்டாலும் அபராதம் ஏதும் கிடையாது, ஆனால் முந்தின இரவே வெயிட்டரிடம் சொல்லிவிடுவது மரியாதை, இல்லையென்றால் அவர் ஆறு பேருக்கான மேஜையைத் தயாராக வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கப்பல் தியேட்டரில் நடக்கும் ஷோ விஷயம் சுருக்கமாக: மாலையில் பெரும்பாலும் இரண்டு ஷோ, சீக்கிரம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிந்தின ஷோ, தாமதமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு முந்தின ஷோ என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மிகப் பெரிய கப்பல்களில் ஷோவுக்கும் முன்பதிவு உண்டு. ஷோ நேரத்தை முதலில் பிடித்துக்கொண்டு, அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாட்டைப் போடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. அப்பா அம்மாவுக்குத் தனி கேபின், அதற்குத் தனி புக்கிங் எண் என்றால் இரண்டையும் இணைக்கச் சொல்லி ஏஜென்டிடமோ நிறுவனத்திடமோ இப்போதே கேளுங்கள், இரண்டிலும் ஒரே உணவு நேரம்தானா என்றும் சரிபாருங்கள். இணைக்காவிட்டால் கம்ப்யூட்டருக்கு நீங்கள் யாரோ, அவர்கள் யாரோ. ஒரு புக்கிங் 6 மணியிலும் இன்னொன்று 8:30லும் விழுந்து, முதல் நாள் மாலை டைனிங் ரூம் வாசலில் வயதானவர்கள் கையில் கார்டோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், சரிசெய்துவிடலாம் என்றாலும் அந்தப் பதற்றம் வேண்டாமே.

இவ்வளவு சொல்லியும், குறித்த நேரம்தான் சரி என்று நான் கையைப் பிடித்துச் சொல்லும் பயணங்களும் இருக்கின்றன. உங்கள் நண்பர் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று நாலைந்து இரவு போகிறார் என்றால், கடல் நாட்கள் வரும், நேர வித்தியாசம் இந்தியாவிலிருந்து இரண்டரை மணி முன்னால், அங்கே 8:30 என்பது நம் உடம்புக்கு மாலை 6தான், அதனால் பிந்தின சிட்டிங் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். குயின் மேரி 2 கப்பலில் சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு ஏழு இரவும் கடல்தான், பிரிட்டானியா ரெஸ்டாரன்ட்டில் 6, 8:30 என இரண்டு சிட்டிங், ஊர் சுற்ற எதுவுமே இல்லாத அந்தப் பயணத்தில் ஒரே மேஜையில் ஒரே ஆட்களோடு தினமும் பேசிச் சாப்பிடுவதுதான் நாளின் முக்கிய நிகழ்ச்சி. டிஸ்னி கப்பல்களில் உணவகம் இரவுக்கு இரவு மாறும், வெயிட்டர்கள் உங்களோடு கூடவே மாறி வருவார்கள், பிள்ளைகளுக்கு அது அருமையான ஏற்பாடு, அங்கே முந்தின சிட்டிங் எடுங்கள். தனியாகப் போகிறவர்களும், புது மனிதர்களோடு பழக ஆசைப்படும் தம்பதிகளும் எட்டுப் பேர் மேஜை கேட்டு குறித்த நேரத்தில் சேரட்டும், விருப்ப நேரத்தில் அந்தப் பழக்கம் வளராது. அலாஸ்கா மட்டும் மறுபடி விருப்ப நேரம்: ஜூன் மாதம் அங்குள்ள ஜூனோ நகரத்தில் பத்து மணிவரை வெளிச்சம், பனிமலைக்கு நடுவே கப்பல் போகும் நேரத்தில் நீங்கள் மேல்தளத்தில் நிற்க வேண்டும்.

உங்கள் புக்கிங்கில் விருப்ப நேரம் நிரம்பிவிட்டது என்று வந்தால் 8:30 எடுத்துக்கொண்டு வெயிட்டிங் லிஸ்ட்டில் பெயர் போடுங்கள், 6 மணியை எடுக்க வேண்டாம். பிறகு ஏறும் நாளன்று, பஃபேயில் உட்காருவதற்கு முன்னால் டைனிங் ரூம் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அன்று மத்தியானம் டைனிங் ரூம் வாசலிலேயே மேஜை மாற்றம் கேட்கிறவர்களுக்காக இருப்பார், நேரம் ஆப்பில் போட்டிருக்கும். இரண்டு கேபின் எண், ஆறு பேர், அதில் எத்தனை பேர் சைவம், சர்க்கரை உள்ள ஒரு பெரியவர் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொல்வது அந்தக் கூட்டத்தில் மறந்துபோகும், சீட்டு அவருடைய லிஸ்ட்டோடு போகும். இடம் மாறுகிறவர்கள், வராமல் போகிறவர்கள் முதல் நாள் நிறைய, மாலைக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.